ஆம்ப்ரோஸின் கழுத்தும் இயல்பு வாரியமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, சிங்கப்பூரில் மக்கள் தொலைபேசியில் இயல்பாகப் பேசுவதில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அப்படியொரு குறை இருப்பது யாருக்கும் தெரியாது. ஃபேரர் பார்க்கிலிருந்து ஒருவர் ஹலோ என்பார், ஜூரோங்கிலிருந்து இன்னொருவர் ஹலோ என்பார், வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இது எத்தனை செயற்கையானது என்பதை வெளிநாட்டு நிபுணர் ஒருவர் எட்டு நாள் ஹோட்டலில் தங்கி எடுத்துச் சொன்ன பிறகுதான் மேலிடத்துக்கு உறைத்தது. மறுமாதமே இயல்பு வாரியம் உதயமாயிற்று. நாற்பத்திரண்டு ஊழியர்கள், ஒரு சின்னம், காலையில் எழுந்து நின்று பாட ஒரு கீதம்.

முகம் தெரிகிற தொலைபேசியை மற்ற ஊர்க்காரர்கள் செய்து பார்த்து அலுத்துப்போய் மூலையில் போட்டிருந்தார்கள். நம் வாரியம் அதை எடுத்துத் துடைத்து, அதற்கு ஒரு கழுத்து வைத்தது. வெறும் முகம் தெரிந்தால் போதுமா, தலை ஆட வேண்டாமா என்பது நிபுணரின் கேள்வி. பேசுகிறவர் ஜூரோங்கில் ஓர் இரும்புக் கூண்டுக்குள் தலையை விட்டு, தோல்வார்களால் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபேரர் பார்க்கில் அவருடைய முகம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் தெரியும். அந்தப் பெட்டி எந்திரக் கழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அவர் இங்கே குனிந்தால் அது அங்கே குனியும். அவர் திரும்பினால் அது திரும்பும். எதிரில் ஆளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்றார்கள். கழுத்து ஒன்றுதான் கிடைத்தது. ஆகவே ஜூரோங்கில் இருப்பவருக்கு, ஃபேரர் பார்க் நாற்காலியை மட்டும் காட்டுகிற சாதாரணப் பெட்டி.

எல்லாம் தயார். பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. பிரிந்து வாழ்கிற குடும்பம் ஒன்று வேண்டும் என்று வாரியம் தேடியது. இந்தத் தீவில் யார் யாரை விட்டு எவ்வளவு தூரம் பிரிந்துவிட முடியும்? அம்மா மூன்றாவது மாடி என்றால் மகன் ஏழாவது மாடி. அப்படித் தேடிக் களைத்திருந்தபோதுதான் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. புக்கிட் மேராவில் குடியிருக்கும் ஆம்ப்ரோஸ் என்பவரின் மனைவி அந்தோனியம்மாள், தன் விலாசத்தை ஃபேரர் பார்க்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

கோபித்துக்கொண்டு போகிற பெண்கள் எல்லா நாட்டிலும் உண்டு. போன மறுநாளே வரிசையில் நின்று அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றிக்கொண்ட பெண் அந்தோனியம்மாள் ஒருத்திதான். மாற்றாமல் இருந்தால் குற்றம் என்று சட்டம் சொல்கிறதே!

ஆம்ப்ரோஸ் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர். ஐம்பத்து நான்கு வயது. நல்ல மனிதர்தான். ஆனால் வீட்டில் செய்தித்தாளை விரித்தால் மனைவி பக்கம் தலை திரும்பாது. அவள் என்ன சொன்னாலும் தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு ‘ம்’ வரும். இருபத்தாறு வருஷமாக அந்த ‘ம்’மோடுதான் அவள் குடும்பம் நடத்தினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சமையலறை வாசலில் நின்று பரீட்சை வைத்தாள்.

“ஏங்க, குசினியில தீப்பிடிச்சிருச்சு.”

“ம்.”

அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஃபேரர் பார்க்கில் தனியாக இருக்கும் அக்காள் அல்போன்சம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். “அந்த மனுஷன் என்னைக்கு என் பக்கம் தலையத் திருப்பிப் பேசுறாரோ அன்னைக்கு வர்றேன்,” என்று சொல்லியனுப்பினாள். அக்காள் அதோடு விடவில்லை. அக்காளும் தங்கையுமாகச் சேர்ந்து ஓர் அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போட்டுவிடுவது என்று படிவம் வாங்கி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தாள்.

ஆம்ப்ரோஸ் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போனார். மூன்று தடவையும் வாசலில் நின்று செருப்பு அடுக்கியிருந்த பலகையைப் பார்த்தே பேசினார். “வீட்டுக்கு வா,” என்றார். செருப்பு எப்படி வரும்? நான்காவது ஞாயிறு எப்படியாவது நிமிர்ந்து பார்த்துவிடுவது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை தபாலில் வாரியத்தின் கடிதம் வந்தது.

நாட்டின் முதல் இயல்பான உரையாடலை நிகழ்த்த நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். பரிசோதனை முடியும்வரை தம்பதியர் நேரில் சந்திப்பது முடிவுகளைப் பாதிக்கும். மீறினால் அபராதம். சமாதானமாக விரும்புவோர் பதினான்கு நாள் முன்னறிவிப்புடன் தனிப் படிவத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆம்ப்ரோஸ் விண்ணப்பித்தார். பதில் வந்தது: “சமாதானமாவதற்கான தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அதுவரை தயவுசெய்து பிரிந்தே இருக்கவும்.”

இருந்தார். கப்பல் பட்டறை கேன்டீனில் மூன்று வேளையும் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, வாரியம் நடத்திய ‘இயல்பாக இருத்தல் – முதல் நிலை’ வகுப்புக்கும் போனார். பன்னிரண்டு மாலை வேளைகள். எந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவது, தன்னிச்சையான சிரிப்பை எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை சிரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாள் எழுத்துத் தேர்வு. ‘மனைவி பேசும்போது கணவன் எத்தனை நொடிக்கு ஒருமுறை தலையசைக்க வேண்டும்?’ என்று ஒரு கேள்வி. ஆம்ப்ரோஸ் ‘அவள் நிறுத்தும்வரை’ என்று எழுதித் தோற்றார். சரியான விடை நாலரை. இரண்டாம் முறை எழுதித்தான் சான்றிதழ் வாங்கினார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிரிக்க அவருக்கு அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது.

ஒத்திகை ஆரம்பமாயிற்று. முதல் நாள் ஆம்ப்ரோஸுக்குத் தும்மல் வந்தது. ஃபேரர் பார்க்கில் பெட்டி அதே வேகத்தில் குனிந்து, திருப்புளியோடு முன்னால் நின்றுகொண்டிருந்த தொழில்நுட்பக்காரரின் நெற்றியில் ஒன்று வைத்தது. ஆறு தையல். உடனே ஒரு குழு கூடி, கழுத்துக்குப் பூட்டு போட்டது. இனிமேல் எதிரில் இருப்பவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பூட்டுத் திறக்கும். திறந்ததும் கழுத்து, குரல் வந்த பக்கம் தானே திரும்பும். மனிதன் பெயர் சொல்லி அழைத்தால்தான் திரும்புகிறான் என்று நிபுணரும் எழுதிக் கொடுத்துவிட்டார். எந்திரத்துக்கு ‘ஆம்ப்ரோஸ்’ என்ற சொல்லை நாலு நாள் உட்கார்ந்து கற்பித்தார்கள்.

இரண்டாம் ஒத்திகைக்கு அந்தோனியம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாரியத் தலைவர் துரைசாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார். மேடையில் ஏறாத நேரத்திலும் மேடையில் நிற்பவர் போலவே பேசுகிறவர் அவர்.

“அம்மையே, தங்கள் கணவரின் பெயரைச் சொல்லி அழையுங்கள்.”

அந்தோனியம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். “அய்யோ, அது எப்படி சார்?”

“ஏன், பெயர் மறந்துவிட்டதா?”

“மறக்குமா? கட்டுன புருஷன் பேரைச் சொல்ற பழக்கமில்ல எங்களுக்கு.”

“பின் எப்படித்தான் கூப்பிடுவீர்கள்?”

“ஏங்கன்னுதான். அவர் என்னை இந்தாம்பார். இல்லாட்டி ஒண்ணும் சொல்லமாட்டார்.”

துரைசாமி பெட்டியைப் பார்த்தார். ஜூரோங்கில் இன்னும் படம் வராததால், பெட்டிக்குள் ஆம்ப்ரோஸ் குழப்பமாக முழித்துக்கொண்டிருந்தார். “ஏங்க!” என்று அவள் கூப்பிட்டாள். கழுத்து அசையவில்லை. அந்தச் சொல் அதற்குப் பாடத்தில் இல்லை.

“ஏங்க என்ற சொல்லையே கற்பித்துவிட்டால் என்ன சார்?” என்று கேட்டாள் வாரியத்தின் குமாஸ்தா மைமூன். இருபத்து நாலு வயதுப் பெண். அங்கே மூளையை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான்.

“முடியாது. ஏங்க என்பது யாருடைய பெயருமன்று. அப்படிக் கூப்பிட்டால் நாட்டிலுள்ள கணவன்மார் அத்தனை பேரும் திரும்பிவிடுவார்கள். வாரியம் அதற்குப் பொறுப்பேற்க இயலாது.”

குழு மறுபடி கூடியது. பெயரைச் சொல்லக் கூடாது என்றால் அடையாள அட்டை எண்ணைச் சொல்லலாமே என்று முடிவாயிற்று. அந்தோனியம்மாளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. எண் பெயர் ஆகாது. ஜெபமாலை சொல்வது போல ஏழு இலக்கத்தையும் மனப்பாடம் செய்து சொன்னாள். என்னதான் கழுத்து வைத்தாலும் எந்திரம் பிறப்பால் தொலைபேசி அல்லவா? ஏழு இலக்கம் காதில் விழுந்ததும் அந்த எண்ணுக்குப் போன் போட்டுவிட்டது. தோ பாயோவிலிருந்து ஒரு கோழிக்கடைக்காரர் லைனில் வந்து, எத்தனை கோழி வேண்டும் என்று கேட்டார். மூன்று தடவை கேட்டுவிட்டு, ஹொக்கியன் சீன மொழியில் திட்டிவிட்டு வைத்தார். அன்றைய உரையாடல்களில் அது ஒன்றுதான் மிக இயல்பாக இருந்தது என்று மைமூன் தன் குறிப்பேட்டில் எழுதியதாகக் கேள்வி.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். அந்தோனியம்மாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் நாற்காலிக்கு அருகில் நின்று மைமூன் ‘ஆம்ப்ரோஸ்’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுப் பார்த்தார்கள். பூட்டுத் திறந்தது, கழுத்து நாற்காலிப் பக்கம் அழகாகத் திரும்பியது. கைதட்டினார்கள்.

அன்று மாலை மைமூன் வழியாக அந்தோனியம்மாள் ஒரு சேதி சொல்லியனுப்பினாள். மைமூன் அதை ஜூரோங்கில் இருந்த ஊழியர் காதர் மைதீனுக்குச் சொல்ல, அவர் ஆம்ப்ரோஸிடம் சொன்னார்.

“அங்கிள், ஆன்ட்டி சொல்லிட்டாங்க. சனிக்கிழமை பேசும்போது நீங்க அவங்க பக்கம் திரும்பலன்னா, திங்கட்கிழமை வீட்டுப் படிவத்துல கையெழுத்துப் போட்டுடுவாங்களாம்.”

“நான் திரும்புவேன் தம்பி. இந்தச் சனியன் திரும்புமா?”

“திரும்பும் லா. கவர்ன்மென்ட் கழுத்து,” என்றார் காதர் மைதீன், ஊர் வழக்கப்படி ஒரு ‘லா’ சேர்த்து.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடக்கவிழா. ஃபேரர் பார்க்கில் வாரிய மண்டபம் நிறைந்துவிட்டது. சிறப்பு விருந்தினர், ஆர்க்கிட் மாலை, பத்திரிகைக்காரர்கள். மேடையில் ஒரு பக்கம் கழுத்தும் பெட்டியும், இன்னொரு பக்கம் அந்தோனியம்மாளின் நாற்காலி. முன்வரிசையில் அல்போன்சம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவம் பைக்குள்ளேயே இருந்தது. விழா தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு சிக்கல் எழுந்தது. மேடையில் நிற்கப்போகிறவர்கள் பட்டியலில் மைமூன் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர் மேடையில் நிற்கலாகாது. ஆகவே அவளை எதிர்ப்பக்கம், நீலத் திரைக்குப் பின்னால் ஒலிவாங்கியோடு நிறுத்தினார்கள். குரல்தானே வேண்டும், எங்கிருந்து வந்தால் என்ன என்றார் துரைசாமி. பிறகு பேச எழுந்தார்.

“பெருமக்களே! இயல்பாக இருப்பது எளிதன்று. நம் முன்னோர் எவ்விதப் பயிற்சியுமின்றி, மேற்பார்வையுமின்றி இயல்பாக இருந்தார்கள். அதை எண்ணினால் இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது. இந்த வாரியம் தோன்றுவதற்கு முன்னால், ஒரு கணவனும் மனைவியும் பேச வேண்டுமானால் ஒரே வீட்டில் இருந்து தொலைக்க வேண்டிய அவல நிலை இருந்தது. இன்றோ, சமாதானமாகத் துடித்த ஒரு தம்பதியை ஏழு வாரங்கள் வெற்றிகரமாகத் தடுத்து வைத்து, இதோ, பதினைந்து நிமிடங்கள் பேச வைக்கப் போகிறோம்! இதற்கு ஆன செலவை நான் கூற மாட்டேன். கூறினால் நீங்கள் இயல்பாக அமர்ந்திருக்க முடியாது.”

பலத்த கரவொலி. விளக்கு எரிந்தது. பெட்டியில் ஆம்ப்ரோஸின் முகம் வந்தது. ஜூரோங்கில் அவருக்கு எதிரே இருந்த பெட்டியில் அந்தோனியம்மாள் தெரிந்தாள். ஏழு வாரத்துக்குப் பிறகு, செருப்புப் பலகை குறுக்கே இல்லாமல். மனிதர் நாலரை நொடிக் கணக்கெல்லாம் மறந்து, சும்மா சிரித்தார்.

“ஏங்க, இளைச்சுட்டீங்க போல,” என்றாள் அந்தோனியம்மாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மைமூன் இனிமையாகக் கூப்பிட்டாள். “ஆம்ப்ரோஸ்!”

விர்ரென்று ஒரு சத்தம். கழுத்து திரும்பியது. அந்தோனியம்மாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீலத் திரையைப் பார்த்து ஆம்ப்ரோஸ் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“நான் இங்க இருக்கேன்!”

“ஆம்ப்ரோஸ்!”

மனைவியின் முகம் ஏன் மாறுகிறது என்று புரியாத ஆம்ப்ரோஸ், நன்றாகப் பார்ப்பதற்காகத் தலையை முன்னால் நீட்டினார். ஃபேரர் பார்க்கில் பெட்டி திரைக்குள் தலையை விட்டு அதை விலக்கிவிட்டது. உள்ளே சிவப்பு உதட்டுச்சாயத்தோடு மைமூன் திகைத்து நின்றாள். “இந்தா, எப்படியிருக்க?” என்று பெட்டி அவள் முகத்துக்கு நேராக, உருகிப்போய்க் கேட்டது. நிகழ்ச்சியில் இதுவும் உண்டு போலிருக்கிறது என்று சபையோர் கைதட்டினார்கள்.

அந்தோனியம்மாள் எழுந்தாள்.

“பாத்தியாக்கா! இருபத்தாறு வருஷம் என் பக்கம் திரும்பாத கழுத்து, ஒரு சின்னப் பொண்ணு பேரைச் சொன்ன உடனே எப்படித் திரும்புது பாத்தியா!”

அல்போன்சம்மாள் பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். “நான் அப்பவே சொல்லலடி? போடு கையெழுத்த.”

“போடுறேன். அதுக்கு முன்னால அந்த மனுஷன நேர்ல நாலு கேள்வி கேக்கணும். அப்புறம் போடுறேன்.”

துரைசாமி குறுக்கே ஓடிவந்தார். “அம்மையே, உரையாடல் இன்னும் முடியவில்லை! தாங்கள் இப்போது போவது இயல்பன்று!”

“தள்ளுய்யா!” என்றாள் அந்தோனியம்மாள். போய்விட்டாள். ஜூரோங்குக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். சனிக்கிழமை வேறு.

ஜூரோங்கில் ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காலி நாற்காலி.

“தம்பி, அவ எங்க போனா? வாரை அவுத்து விடு. நான் போய்ப் பாக்கணும்.”

காதர் மைதீன் கையைப் பிசைந்தார். “அவுக்க முடியாது அங்கிள். உரையாடல் முடிஞ்சதுன்னு அந்தப் பக்கத்துல உள்ளவங்க சொல்லணும். ரூல் அப்படி.”

“அந்தப் பக்கத்துலதான் ஆளே இல்லையே!”

“அதனாலதான் யாரும் சொல்லல. பேசிக்கிட்டே இருங்க லா, லைன் ஓடுது.”

ஃபேரர் பார்க்கில் துரைசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இது நிகழ்ச்சியின் இரண்டாம் பகுதி என்று அறிவித்தார். சிறப்பு விருந்தினருக்குத் தேநீரும் கறிபப்பும் வந்தன. முதல் பகுதியை விட இது பரவாயில்லை என்று அவரும் சொன்னார்.

அவள் கோபத்தில் படத்துக்குத் தெரியாத ஓரத்தில் எங்கோ ஒதுங்கி நிற்கிறாள் என்றுதான் ஆம்ப்ரோஸ் நினைத்தார். சிரிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் வந்து போயிற்று. அவர் சிரிக்கவில்லை. காலி நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

“இந்தா, கேக்குதா? அன்னைக்கு நீ தீப்பிடிச்சிருச்சுன்னு சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு. நெசமா எரிஞ்சா நீ அவ்வளவு நிதானமா நின்னு சொல்லமாட்டியேன்னு நெனச்சேன். அது தப்பு. திரும்பிப் பாத்திருக்கணும். எனக்கு உன் மொகத்தப் பாத்துப் பேச ஒரு மாதிரி இருக்கும். கல்யாணத்தப்பவே அப்படித்தான். பேப்பர் அதுக்கு வசதியா இருந்துச்சு. எதிர்க்க ஒண்ணுமே இல்லன்னா எல்லாம் பேச வருது, பாரு.”

மண்டபத்தில் ஏழெட்டுப் பேர்தான் கறிபப்பை மெல்லாமல் கேட்டார்கள். அல்போன்சம்மாள் பேனாவை மூடி வைத்தாள்.

மணி ஐந்து ஆவதற்குள் ஜூரோங்கில் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தோனியம்மாள் உள்ளே வந்தாள். வரும்போதே நாலு கேள்வியையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். புருஷன் இரும்புக் கூண்டுக்குள் தலை மாட்டி, காலி நாற்காலியிடம் எதையோ கெஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அடுக்கியதெல்லாம் கலைந்துபோயிற்று. இடப்பக்கம் போய் நின்றாள்.

“ஏங்க.”

ஆம்ப்ரோஸ் திரும்பினார்.

மூன்று தோல்வாரும் அறுந்தன. கூண்டு பெயர்ந்தது. ஒரு திருகாணி தெறித்துப்போய்ச் சுவரில் வாரியத்தின் சின்னத்தில் பட்டது. அங்கே ஃபேரர் பார்க்கில், பெயர் சொல்லாமல் அசையவே அசையாத கழுத்து, பூட்டைப் பிய்த்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றி, காலி நாற்காலிக்கு நேராக நின்றது. பெட்டிக்குள் ஆம்ப்ரோஸின் முகம் கண் கலங்கச் சிரித்தது. மண்டபமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

ஜூரோங்கில் அந்தோனியம்மாள் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

“அந்தப் பொண்ணப் பாத்து என்ன சிரிப்பு?”

“எந்தப் பொண்ணு?”

“திரைக்குப் பின்னால. பல்லைக் காட்டுனீங்களே.”

“எனக்கு எதிர்ல நீ ஒருத்திதான் தெரிஞ்ச. உன்னைப் பாத்துத்தான் சிரிச்சேன்.”

“ஆமா ஆன்ட்டி,” என்றார் காதர் மைதீன். “இங்க வேற யாரும் தெரியாது. கழுத்துதான் தப்பு.”

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷத்துக் கடனை ஒரே நாளில் அடைப்பது போல.

“போதும், என்ன அப்படிப் பாக்குறீங்க?”

“கழுத்து சுளுக்கிக்கிச்சு. திரும்பல.”

“ம்,” என்றாள் அந்தோனியம்மாள்.

வாரியத்தின் அறிக்கை அடுத்த மாதம் வெளியாயிற்று. ஒரு பிரதி புக்கிட் மேரா வீட்டுக்கும் வந்தது. சனிக்கிழமை மாலை 4.52 மணிக்கு, எவரும் பெயர் சொல்லாமலேயே கழுத்து தானாகத் திரும்பி, மனிதரிடத்தும் காணக் கிடைக்காத பரிவுடன் நடந்துகொண்டது. அப்போது நாற்காலியில் எவருமில்லை. எனவே எதிரில் ஆள் இல்லாதபோதுதான் உரையாடல் முழு இயல்பை எட்டுகிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் ஆட்களே இல்லாமல் இரண்டாம் கட்டப் பரிசோதனை தொடங்கும் என்று துரைசாமி கையெழுத்திட்டிருந்தார். அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. உறையில் இன்னொரு தாளும் இருந்தது. சமாதானமாவதற்கான ஆம்ப்ரோஸின் மனு, போதிய காரணம் காட்டப்படாததால் நிராகரிக்கப்பட்டிருந்தது.

அந்தோனியம்மாள் இரண்டையும் உரக்கப் படித்துக் காட்டினாள். ஆம்ப்ரோஸ் அவளைப் பார்த்தபடியே கேட்டார். வேறு வழியில்லை, தலை இடப்பக்கமாகவே நின்றுவிட்டிருந்தது. செய்தித்தாள் வலப்பக்க மேசையில் மடித்தது மடித்தபடி கிடந்தது. தன் நாற்காலியை அவள் இடப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஆகிறது. சுளுக்கு எடுக்கிறவர் கீழே இரண்டாவது மாடியில்தான் இருக்கிறார். நாளைக்குப் போகலாம் என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.